பிளாக்ஜாக் ஆடக் கற்பது எப்படி: விதிகளும் அடிப்படை உத்தியும்

பிளாக்ஜாக் என்ற காசினோ சீட்டாட்டத்தில் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐ எட்டுவதுதான் குறி என்று நினைத்துக்கொண்டு பலர் மேசையில் உட்காருகிறார்கள். அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். டீலரை, அதாவது காசினோவுக்காகச் சீட்டு போட்டு ஆடுபவரை, வெல்வதுதான் குறி. கையில் 13-ஐ வைத்துக்கொண்டு வெல்கிற ஆட்டங்கள் உண்டு. 20 இருந்தும் தோற்கிற ஆட்டங்கள் உண்டு. மேசையைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் உங்களுக்கு எதிராளி டீலர் ஒருவர்தான். 21-ஐத் தாண்டாமல் அவருடைய கையைவிடப் பெரிய கை (ஒருவரிடம் உள்ள சீட்டுகளைத்தான் கை என்கிறோம்) உங்களிடம் இருக்க வேண்டும்; அல்லது அவர் 21-ஐத் தாண்டிவிட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் வெற்றி உங்களுக்கு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே விளக்கப்போகும் அடிப்படை உத்தி யாரையும் பணக்காரர் ஆக்காது. நல்ல விதிகள் உள்ள மேசையில் பிசகாமல் கடைப்பிடித்தால் காசினோவின் சாதகம் சுமார் 0.5 சதவீதத்துக்கு இறங்கும். மொத்தம் 100 சிப் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லை) பந்தயம் கட்டினால், நீண்டகாலச் சராசரியில் அரை சிப் போகும். மனம்போன போக்கில் ஆடினால் இழப்பு இதைப்போலப் பல மடங்கு. ஆடுகிறவரின் முடிவு இந்த அளவுக்கு மதிப்புப் பெறும் ஆட்டங்கள் காசினோவில் மிகச் சிலவே. ஆடத்தான் போகிறீர்கள் என்றால் முறையாகக் கற்றுக்கொண்டு ஆடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சீட்டுகளும் மதிப்பும்

2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றில் அச்சிட்ட எண்ணே மதிப்பு. ஜாக், ராணி, ராஜா மூன்றுக்கும் தலா 10. ஏஸ் மட்டும் 1 அல்லது 11, எது வசதியோ அது. ஸ்பேடா, ஹார்ட்டினா என்பதற்கு இந்த ஆட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை.

ஒரு கட்டில் உள்ள 52 சீட்டுகளில் 16 சீட்டுகள் பத்து மதிப்புள்ளவை. அதாவது 13-இல் 4, ஏறத்தாழ 31 சதவீதம். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஏஸை 11 ஆகக் கணக்கிட முடிகிற கை ‘சாஃப்ட்’ கை. ஏஸும் 6-உம் சாஃப்ட் 17. அதற்கு மேல் ஒரு 9 வாங்கினால் 26 ஆகாது. ஏஸ் 1 ஆக மாறி 16 ஆகும். சாஃப்ட் கையில் ஒரு சீட்டு கேட்டு எவராலும் 21-ஐத் தாண்ட முடியாது. ஏஸே இல்லாத கையும், ஏஸை 1 ஆக மட்டுமே எண்ண முடிகிற கையும் ‘ஹார்டு’. இரண்டுக்கும் ஆடும் முறை வேறு.

முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் ஒரு பத்துச் சீட்டும் (10, ஜாக், ராணி, ராஜா இவற்றில் ஏதாவது ஒன்று) விழுந்தால் அது பிளாக்ஜாக். மூன்று, நான்கு சீட்டில் சேர்த்த 21-ஐவிட இது உயர்ந்தது. சுமார் 21 கைகளுக்கு ஒருமுறை வரும்.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

பந்தயச் சிப்புகளை உங்களுக்கு எதிரே உள்ள வட்டத்தில் வைக்கிறீர்கள். டீலர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு போடுவார். தனக்கும் இரண்டு; அதில் ஒன்று திறந்திருக்கும், மற்றது கவிழ்ந்திருக்கும். திறந்த சீட்டு ஏஸாகவோ பத்தாகவோ இருந்தால், பல மேசைகளில் டீலர் கவிழ்ந்த சீட்டைத் தான் மட்டும் பார்த்து, பிளாக்ஜாக் இருக்கிறதா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்வார். இருந்தால் சுற்று அங்கேயே முடிந்துவிடும். உங்களிடமும் பிளாக்ஜாக் இருந்தால் பந்தயம் அப்படியே திரும்பக் கிடைக்கும். இதைப் ‘புஷ்’ என்பார்கள்.

இல்லையென்றால் டீலரின் இடப்பக்கத்தில் உள்ளவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராக முடிவெடுக்க வேண்டும். ‘ஹிட்’ என்றால் இன்னொரு சீட்டு கேட்பது. ‘ஸ்டாண்ட்’ என்றால் போதும் என்று நிறுத்துவது. ‘டபுள்’ என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்கி அத்துடன் நிற்பது. ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு வந்திருந்தால் ‘ஸ்பிளிட்’ செய்யலாம்: இன்னொரு சம பந்தயத்தை வைத்து, இரண்டையும் இரு தனிக் கைகளாகப் பிரித்து ஆடுவது. ஏஸ்களைப் பிரித்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுதான் தருவார்கள். அதன்மேல் பத்து விழுந்தாலும் அது வெறும் 21, பிளாக்ஜாக் ஆகாது. சில மேசைகளில் ‘சரண்டர்’ உண்டு: முதல் இரண்டு சீட்டைப் பார்த்ததும் பாதிப் பந்தயத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது.

21-ஐத் தாண்டினால் ‘பஸ்ட்’. உங்கள் சிப்புகளை டீலர் அந்த நொடியே எடுத்துக்கொள்வார்.

எல்லோரும் முடித்த பிறகு டீலர் தன் கவிழ்ந்த சீட்டைத் திறப்பார். அவருக்குச் சொந்த முடிவு என்று எதுவும் கிடையாது. 16 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 17 வந்தால் நின்றே ஆக வேண்டும். சாஃப்ட் 17-இல் மட்டும் சில காசினோக்களில் நிற்பார், சிலவற்றில் எடுப்பார். எது என்று மேசை விரிப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

சாதாரண வெற்றிக்குப் பந்தயத்துக்குச் சமமான தொகை கிடைக்கும். பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 என்ற விகிதம்: 10 சிப் வைத்திருந்தால் 15 கிடைக்கும்.

காசினோ எங்கே சம்பாதிக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் உத்தியை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. டீலரும் நீங்களும் ஒரே கட்டிலிருந்துதான் சீட்டு வாங்குகிறீர்கள். அவருக்கு விதிகள் கையைக் கட்டிப் போட்டிருக்கின்றன. உங்களுக்கோ டபுள், ஸ்பிளிட் என்று உரிமைகள் உண்டு. பிறகு எப்படி அவர் பக்கம் லாபம்?

நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்பதுதான் காரணம். நீங்கள் பஸ்ட் ஆனபின் டீலரும் பஸ்ட் ஆனால் அது சமன் ஆகாது. உங்கள் பணம் ஏற்கெனவே போய்விட்டது. டீலர் சராசரியாக 28 சதவீத ஆட்டங்களில் பஸ்ட் ஆகிறார். நீங்களும் அவரைப் போலவே 16 வரை எடுத்து 17-இல் நின்றால் உங்களுக்கும் அதே 28 சதவீதம். இரண்டும் ஒன்றாக நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதம். அந்த 8 முழுவதும் காசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை இதில் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ஈடுகட்டும். ஆக, டீலரைப் பின்பற்றி ஆடுகிறவர் சுமார் 5.5 சதவீதம் இழக்கிறார்.

அப்படியானால் பஸ்ட் ஆகவே கூடாது, 12 வந்தாலே நின்றுவிடலாம் என்று தோன்றும். அதுவும் உதவாது, அப்படி ஆடினால் இழப்பு ஏறக்குறைய 4 சதவீதம். சில இடங்களில் துணிந்து எடுக்க வேண்டும், சில இடங்களில் பயந்து நிற்க வேண்டும். எங்கே எது என்பதை டீலரின் திறந்த சீட்டு சொல்லும்.

1956-இல் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த நால்வர், ராஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட், மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை கண்டு, அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். பின்னர் கணினிகள் அதைச் செம்மைப்படுத்தின. இன்று நாம் அடிப்படை உத்தி என்று சொல்வது அதன் வழிவந்தது. இது யாருடைய ஊகமும் அல்ல. ஒவ்வொரு கைக்கும் எல்லா வாய்ப்புகளையும் கணக்கிட்டு எடுத்த முடிவு.

திறந்த சீட்டைப் படிப்பது

டீலரின் திறந்த சீட்டுகளை இரண்டு குழுக்களாகப் பாருங்கள். 2 முதல் 6 வரை அவருக்குப் பலவீனம். 7 முதல் ஏஸ் வரை பலம்.

காரணம் எளிது. திறந்த சீட்டு 6 என்றால், அடியில் பத்து இருந்தால் அவர் கை 16. விதிப்படி எடுத்தே தீர வேண்டும், பெரும்பாலும் தாண்டிவிடுவார். 5 அல்லது 6 தெரியும்போது அவர் பஸ்ட் ஆகும் வாய்ப்பு 42 சதவீதத்தைத் தொடுகிறது. 4-க்கு 40, 3-க்கு 37, 2-க்கு 35 என்று இறங்கும். 7 வந்ததும் சட்டென்று 26-க்கு விழுகிறது, ஏனென்றால் அடியில் பத்து இருந்தால் அவர் 17-இல் அப்படியே நின்றுவிடலாம். பத்து தெரிந்தால் வாய்ப்பு இன்னும் குறைந்து 21 சதவீதம் அளவில் இருக்கும்.

ஆகவே பலவீனமான சீட்டு தெரியும்போது அவரே விழட்டும் என்று விலகி நில்லுங்கள், சாதகமான கை இருந்தால் பந்தயத்தைக் கூட்டுங்கள். பலமான சீட்டு தெரியும்போது, அவரிடம் 17-க்கு மேல் ஒரு கை உருவாகும் என்றே வைத்துக்கொண்டு நீங்களும் 17-க்காவது போக முயலுங்கள்.

ஹார்டு கைகள்

இனி வரும் விதிகள் நான்கு முதல் எட்டுக் கட்டுகள் வைத்து ஆடும், டீலர் சாஃப்ட் 17-இல் நிற்கும், பிரித்த பிறகும் டபுள் செய்ய விடும் மேசைக்கானவை. வேறு மேசைகளில் ஓரிரு இடங்கள் மாறும். வேறுபாடு மிகச் சிறிது.

8 அல்லது அதற்குக் குறைவு: எப்போதும் ஹிட்.

9: டீலரிடம் 3 முதல் 6 வரை என்றால் டபுள், மற்றபடி ஹிட்.

10: டீலரிடம் 2 முதல் 9 வரை என்றால் டபுள். பத்து அல்லது ஏஸ் என்றால் ஹிட்.

11: 2 முதல் 10 வரை எல்லாவற்றுக்கும் டபுள். ஏஸுக்கு எதிரே ஹிட். (டீலர் சாஃப்ட் 17-இல் எடுக்கும் மேசையில் ஏஸுக்கும் டபுள்.)

12: 4, 5, 6 என்றால் மட்டும் ஸ்டாண்ட். மற்றபடி ஹிட்.

13 முதல் 16 வரை: 2 முதல் 6 வரை என்றால் ஸ்டாண்ட். 7 முதல் ஏஸ் வரை என்றால் ஹிட்.

17-உம் அதற்கு மேலும்: எப்போதும் ஸ்டாண்ட்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, 12-க்கு எதிரே 2 அல்லது 3. டீலரின் சீட்டு பலவீனம்தானே, நிற்கலாமே என்று மனம் சொல்லும். ஆனால் 12-இல் ஒரு சீட்டு கேட்டால் உங்களைத் தாண்ட வைப்பவை பத்துச் சீட்டுகள் மட்டுமே, 13-இல் 4. டீலர் 2-ஐ வைத்துக்கொண்டு பஸ்ட் ஆகாமல் தப்பும் வாய்ப்போ 65 சதவீதம். எடுப்பதே மேல்.

இன்னொன்று 16-க்கு எதிரே பத்து. இந்த ஆட்டத்தில் இதைவிடத் துயரமான கை இல்லை. எடுத்தால் 13-இல் 8 சீட்டுகள் உங்களை வீழ்த்தும். நின்றாலோ டீலர் பஸ்ட் ஆனால் ஒழிய தோல்வி. எடுத்தாலும் நின்றாலும் சராசரி இழப்பு பந்தயத்தில் 54 சதவீதம். மயிரிழையில்தான் எடுப்பது மேலாகிறது. சரண்டர் இருந்தால் இங்கேதான் அது கைகொடுக்கும், 54-க்குப் பதில் 50-உடன் போய்விடும். 16-க்கு எதிரே 9, 10, ஏஸ். 15-க்கு எதிரே 10. சரண்டருக்கு இந்த நான்கு இடங்கள் போதும். ஆனால் அந்த 16 இரண்டு 8-களால் ஆனதென்றால் சரண்டர் வேண்டாம், பிரியுங்கள்.

சாஃப்ட் கைகள்

அனுபவம் உள்ளவர்களும் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. ஏஸும் 6-உம் வந்தால் 17 என்று நின்றுவிடுகிறார்கள். டீலர் எப்போதும் 17-க்குக் குறையாமல்தான் முடிப்பார். ஆகவே 17 என்ற கை, டீலர் பஸ்ட் ஆனால் மட்டுமே வெல்லும். மற்றபடி அதிகபட்சம் புஷ். ஹார்டு 17-இல் வேறு வழியில்லாமல் நிற்கிறோம். சாஃப்ட் 17-இல் ஒரு சீட்டு எடுத்தால் தாண்டவே முடியாது என்று இருக்கும்போது ஏன் நிற்க வேண்டும்? சாஃப்ட் 17-இல் ஒருபோதும் நிற்காதீர்கள்.

ஏஸுடன் 2 அல்லது 3 இருந்தால், டீலரிடம் 5, 6 தெரியும்போது டபுள். ஏஸுடன் 4 அல்லது 5 இருந்தால், டீலரிடம் 4, 5, 6-க்கு டபுள். ஏஸுடன் 6 என்றால் 3 முதல் 6 வரை டபுள். இவை பொருந்தாத இடங்களில் எல்லாம் ஹிட்.

சாஃப்ட் 18, அதாவது ஏஸும் 7-உம், தனியாகக் கற்க வேண்டிய கை. டீலரிடம் 3 முதல் 6 வரை என்றால் டபுள். 2, 7, 8 என்றால் ஸ்டாண்ட். 9, 10, ஏஸ் என்றால் ஹிட். 18 நல்ல கைதானே என்று தோன்றும். ஆனால் 9-க்கும் பத்துக்கும் எதிரே அது பின்தங்கிய கை. சாஃப்ட் 19, சாஃப்ட் 20 இரண்டிலும் நின்றுவிடுங்கள்.

இரட்டைச் சீட்டுகள்

எப்போதும் பிரிக்க வேண்டியவை ஏஸ்களும் 8-களும். ஒருபோதும் பிரிக்கக் கூடாதவை பத்துகளும் 5-களும். பத்துகளைப் பிரிப்பது கையில் இருக்கும் 20-ஐக் கலைப்பது. இரண்டு 5 சேர்ந்தால் 10. அது டபுள் செய்ய அருமையான கை.

8-களைப் பிரிப்பதில் பலருக்கு நெருடல் உண்டு. டீலரிடம் பத்து தெரியும்போது ஒரு தோல்விக்குப் பதில் இரண்டு தோல்வியா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சேர்த்து வைத்தால் 16, சராசரி இழப்பு முதல் பந்தயத்தில் 54 சதவீதம். பிரித்து ஆடினால் இரண்டு கைகளும் சேர்ந்த இழப்பு 48 சதவீதம் அளவில் இருக்கும். இரண்டுமே இழப்புதான், சிறிய இழப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்.

மற்றவை: 2-களையும் 3-களையும் 7-களையும் டீலரிடம் 2 முதல் 7 வரை இருந்தால் பிரியுங்கள். 6-களை 2 முதல் 6 வரை. 4-களை 5, 6-க்கு மட்டும். 9-களை 2 முதல் 9 வரை, ஆனால் 7-ஐத் தவிர்த்து. 7 தெரிந்தால் டீலரிடம் 17 இருக்கவே வாய்ப்பு அதிகம், உங்களிடம் ஏற்கெனவே 18. எதற்காகக் கலைக்க வேண்டும்? பத்துக்கும் ஏஸுக்கும் எதிரேயும் 9-களுடன் நின்றுவிடுங்கள்.

டீலர் இரண்டாவது சீட்டை எல்லோரும் ஆடி முடித்த பிறகே எடுக்கும் மேசைகளும் உண்டு. ஐரோப்பாவில் இது பரவலான வழக்கம். அங்கே நீங்கள் பிரித்தோ இரட்டிப்பாக்கியோ வைத்த பணம் முழுவதையும் டீலரின் பிளாக்ஜாக் கடைசியில் வாரிக்கொண்டு போகக்கூடும். அத்தகைய மேசையில் பத்துக்கும் ஏஸுக்கும் எதிரே 8-களைப் பிரிக்க வேண்டாம், பத்துக்கு எதிரே 11-ஐ டபுள் செய்ய வேண்டாம், ஏஸுக்கு எதிரே ஏஸ்களையும் பிரிக்க வேண்டாம். இந்த இடங்களில் எல்லாம் ஹிட்.

இன்சூரன்ஸ் வேண்டாம்

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால் “இன்சூரன்ஸ்?” என்று கேட்பார். உங்கள் பந்தயத்தில் பாதியைத் தனியாக வைத்தால், அவரிடம் பிளாக்ஜாக் இருக்கும்போது அந்தப் பாதிக்கு இரட்டிப்புத் தொகை கிடைக்கும். கையில் உள்ளதைப் பாதுகாப்பதுபோல் தோன்றினாலும் இது முற்றிலும் வேறொரு பந்தயம்: கவிழ்ந்த சீட்டு பத்துதான் என்பதன் மேல். 13 முறை ஒவ்வொரு சிப் வைத்தால் 4 முறை வென்று 8 சிப் பெறுவீர்கள், 9 முறை தோற்று 9 சிப் இழப்பீர்கள். ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு மேல் காசினோவுக்குச் சாதகம். மேசையில் உள்ள மோசமான பந்தயங்களில் இதுவும் ஒன்று.

உங்களிடம் பிளாக்ஜாக் இருக்கும்போது “சமத் தொகையை இப்போதே வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று கேட்பதும் இதே இன்சூரன்ஸ்தான். மறுத்தால் 13-இல் 9 முறை ஒன்றரை மடங்கு, அதாவது மொத்தம் 13.5. ஏற்றால் 13. மறுத்துவிடுங்கள்.

மேசையைத் தேர்ந்தெடுப்பது

உத்தியை எவ்வளவு நன்றாகக் கற்றாலும் தவறான மேசையில் உட்கார்ந்தால் எல்லாம் வீண். முதலில் பார்க்க வேண்டியது, பிளாக்ஜாக்குக்கு 3-க்கு 2 தருகிறார்களா, 6-க்கு 5 தருகிறார்களா என்பது. 6-க்கு 5 என்றால் 10 சிப்புக்கு 15-க்குப் பதில் 12. மூன்று சிப்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். இந்த ஒரு மாற்றம் காசினோவின் சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் கூட்டுகிறது. 10 சிப் வீதம் 60 கைகள் ஆடினால் நல்ல மேசையில் எதிர்பார்க்கும் இழப்பு 3 சிப். 6-க்கு 5 மேசையில் 11-க்கு மேல். எழுந்து வேறு மேசைக்குப் போங்கள். வேறு மேசையே இல்லையென்றால் ஆடாமல் திரும்புங்கள். இந்த ஒன்றில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை.

டீலர் சாஃப்ட் 17-இல் எடுப்பது உங்களுக்குச் சுமார் 0.2 சதவீதம் பாதகம். பக்கப் பந்தயங்கள் என்று விரிப்பில் வண்ண வண்ணமாகச் சிறு வட்டங்கள் இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம்.

வீட்டில் பயிற்சி

பணம் வைத்து ஆடும் முன் ஒரு சாதாரண சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டை டீலரின் சீட்டாகத் திறந்து வையுங்கள், 6 என்று வைத்துக்கொள்வோம். மீதியை இரண்டு இரண்டாகப் போட்டு ஒவ்வொரு கைக்கும் முடிவை வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டு முடிந்ததும் டீலரின் சீட்டை மாற்றுங்கள். இப்படிச் செய்யும்போது ஹார்டு கைகள்தான் அதிகம் வரும். சாஃப்ட் கைகளுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் ஓர் ஏஸை நிலையாக மேசையில் வைத்து, அதனுடன் ஒவ்வொரு சீட்டாகச் சேர்த்துப் பாருங்கள். இரட்டைகளுக்கும் அப்படியே: ஒரு சீட்டைப் போட்டு, அதே மதிப்பில் இன்னொன்று இருப்பதாக எண்ணிச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் ஹார்டு கைகள் மட்டும் போதும். அவை யோசிக்காமல் வரத் தொடங்கிய பிறகு சாஃப்ட், அதற்குப் பிறகு இரட்டைகள். தயங்கிய கைகளை ஒரு தாளில் குறித்துவைத்து மறுநாள் அவற்றிலிருந்து தொடங்குங்கள். உத்தி அட்டவணை அச்சிட்ட சிறு அட்டையை மேசைக்குக் கொண்டுபோகவும் பெரும்பாலான காசினோக்கள் அனுமதிக்கின்றன; ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் பார்த்துக்கொண்டால் சரி.

காதில் விழும் பேச்சுகள்

கடைசி நாற்காலியில் இருப்பவர் தவறாகச் சீட்டு எடுத்தால் மேசைக்கே கெடுதல் என்று கோபப்படுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர் எடுத்த சீட்டு டீலரை வீழ்த்தியிருக்கலாம், காப்பாற்றியும் இருக்கலாம். சராசரியில் எந்த வேறுபாடும் இல்லை. அவரை அவர் போக்கில் விடுங்கள்.

தோற்றதும் பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் என்றாவது மீட்டுவிடலாம் என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. 10 சிப்பில் தொடங்கித் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 1,270 சிப் போயிருக்கும். எட்டாவது பந்தயத்துக்கு 1,280 வேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு தடுத்துவிடும், அல்லது பை காலியாகிவிடும். பந்தயத்தின் அளவை மாற்றுவதால் காசினோவின் சாதகம் மாறுவதில்லை.

சீட்டு எண்ணுவது, அதாவது வெளிவந்த சீட்டுகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆடுவது, மட்டும் உண்மை. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் 1962-இல் வெளியிட்ட நூலில் அதை நிரூபித்தார்: மீதமுள்ள சீட்டுகளில் பத்துகளும் ஏஸ்களும் அதிகமாக இருக்கும்போது சாதகம் ஆடுகிறவர் பக்கம் சாய்கிறது. மூளையால் மட்டும் எண்ணுவது அமெரிக்காவில் குற்றம் அல்ல, ஆனால் நெவாடாவில் காசினோ உங்களை எழுந்து போகச் சொல்ல முடியும். பல கட்டுகளைச் சேர்த்து ஆடுவதும், ஓயாமல் கலைக்கும் இயந்திரங்களும் அதற்கான இடத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. அடிப்படை உத்தி கைவராதவர்கள் அந்தப் பக்கம் யோசிக்கவே தேவையில்லை.

முதல்முறை உட்காரும்போது

நீங்கள் இருக்கும் இடத்தில் பணம் வைத்து ஆடுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா, வயது வரம்பு என்ன என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இழந்தாலும் வீட்டுச் செலவைப் பாதிக்காத ஒரு தொகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போங்கள். வங்கி அட்டையை விட்டுவிட்டுப் போங்கள். ஒரு கைக்கான பந்தயம் அந்தத் தொகையில் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால், சில மோசமான கைகள் வரிசையாக வந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். விட்ட பணத்தை எப்படியாவது எடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் அந்தக் கணமே எழுந்துவிடுங்கள். அந்த எண்ணம் நாள்தோறும் விடாமல் துரத்தினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நெருக்கமானவரிடமோ மனநல ஆலோசகரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

பணத்தை டீலரின் கையில் கொடுக்கக் கூடாது; ஒரு சுற்று முடிந்ததும் விரிப்பின் மேல் வையுங்கள், அவர் எண்ணிச் சிப் தருவார். சீட்டு போடத் தொடங்கிய பிறகு வட்டத்தில் உள்ள சிப்பைத் தொடாதீர்கள். சீட்டுகளைத் திறந்தே போடும் மேசையில் சீட்டையும் தொடக் கூடாது. வாயால் சொன்னால் போதாது, சைகை வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள கேமராவில் அதுதான் பதிவாகும். ஹிட் என்றால் விரலால் மேசையைத் தட்டுங்கள். ஸ்டாண்ட் என்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பக்கவாட்டில் அசையுங்கள். டபுளுக்கும் ஸ்பிளிட்டுக்கும் முதல் பந்தயத்தின் பக்கத்தில் அதே அளவு சிப்பை வையுங்கள், மேலே அடுக்க வேண்டாம். டபுளுக்கு ஒரு விரல், ஸ்பிளிட்டுக்கு இரண்டு விரல் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

எழும்போது சில்லறைச் சிப்புகளை டீலருக்கு முன்னால் தள்ளி, பெரிய சிப்புகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். டீலர் அவற்றைப் பணமாக மாற்றித் தரமாட்டார். அதற்குக் காசாளர் கூண்டுக்குத்தான் போக வேண்டும்.